மூடாத உச்சி

சுழலும் கருந்துளைக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிப் போனது எதுவும் திரும்பாது. அந்த எல்லையின் வடிவம் என்ன என்று கணக்குப் போட்டே கியோத்தோவில் ஆயுளைக் கழித்தவர் இகுஷிமா தத்சுரோ. வீட்டுக் குழாய் ஒழுகினால் அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. சர்க்கரை வியாதிக்கு இந்தப் படிப்பெல்லாம் ஒரு பொருட்டா? முதலில் கண்ணை வாங்கிக்கொண்டது. பிறகு விரல் நுனிகள் மரத்துப்போகத் தொடங்கின.

"முழுசா மரத்துப் போறதுக்குள்ள அந்த எல்லையை ஒரு தடவை தொட்டுப் பாத்துடணும், மிட்சுவே" என்றார் மனைவியிடம்.

மிட்சுவே அதே துறையில் அவருக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுத்தவள். அவருடைய சமன்பாடுகளை முப்பரிமாண அச்சுப்பொறிக்கு ஏற்றவாறு எழுதினாள். உச்சிக்குச் சற்றுக் கீழே நிரல் நின்றுவிட்டது. வர்க்கமூலத்துக்குள் மைனஸ். காரணம் அவளுக்குத் தெரியும். வேகமாகச் சுழலும்போது துருவங்களில் பரப்பு சேணம்போல வளைந்துகொள்கிறது. வேறொரு வளைந்த வெளியில் அதற்கு இடமுண்டு, நாம் குடியிருக்கும் வெளியில் இல்லை. ஆனாலும் கண்ணில்லாத மனுஷனிடம் பொத்தலை எப்படி நீட்டுவது? மைனஸைத் தூக்கிவிட்டாள். உச்சி அழகாக மூடிக்கொண்டது.

தத்சுரோ அச்சாகி வந்த உருவத்தை மடியில் வைத்து, நடுவிலிருந்து மேல்நோக்கித் தடவிக்கொண்டே போனார். உச்சியருகே விரல் நின்றது.

"இது யார் போட்ட மூடி?"

"நான்தாங்க."

"மைனஸை முழுங்கிட்டியா?"

"உங்களுக்காகத்தான்."

"பொய் சொல்ல உனக்குக் கருந்துளைதான் கிடைச்சுதா? அறுத்து எடு."

அறுத்தாள். தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குத் துளை விழுந்தது. அவர் விரல் அதன் விளிம்போடு நிற்கவில்லை. வெறும் காற்றில் ஏறி, இறங்கி, எதையோ தொடர்ந்து போனது. மிட்சுவே தன் கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"இப்பதான் சரியா இருக்கு" என்றார். தினமும் அதையே தடவினார். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

குளிர்காலத்தில் ஒருநாள் கொதிக்கும் பார்லித் தேநீர் அவர் கையில் கொட்டியது. அவர் கையை இழுக்கக்கூட இல்லை. மிட்சுவேக்கு அழுகை வந்துவிட்டது. கையைத் துடைத்து, மருந்து போட்டு, நல்ல கையை எடுத்து அந்த உருவத்தின்மேல் வைத்தாள்.

"தெரியுதா?"

"தெரியலம்மா. வச்சிருக்கியா?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். அதற்குள் விரல் தானாகவே மேலே ஊர்ந்து, விளிம்பைத் தாண்டி, துளையின்மேல் போய் நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

"இங்க தெரியுது."

"அங்க ஒண்ணுமே இல்லைங்க."

"இருக்கு. வளைஞ்சு வளைஞ்சு போய்க்கிட்டே இருக்கு."

கட்டிய புருஷனைப் பார்த்து முதல்முறையாகப் பயந்தாள்.

"போதும். கையை எடுங்க."

"எடுத்து எவ்வளவோ நேரமாச்சே" என்றார் அவர். "கையை மடியிலதானே வச்சிருக்கேன்?"

அந்த விரல் துளைக்குமேல் இன்னும் எதையோ தடவிக்கொண்டிருந்தது.