பத்தரைக்குள் முடியாத முன்பதிவு

விலையில் கழிவு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விடும். எங்கள் ஊர் யோங் பெங்கில் எந்தக் கடையில் எது மலிவு என்று அண்டை வீட்டார் அவரிடம்தான் கேட்பார்கள். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய வாளிகளே எங்கள் வீட்டில் ஒரு கடை வைக்கும் அளவுக்குக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட மனிதரை உல்லாசக் கப்பலில் ஏற்றினால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

கப்பலில் போனதே அக்காவுக்காகத்தான். இனிப்பு நீர் நோய் முற்றி அக்காவின் வலது காலை எடுத்துவிட்டார்கள். அத்தான் முன்பே தவறிவிட்டார், பிள்ளைகளும் இல்லை. ரெங்கத்தில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டாள். எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில் குளியலறை வாசல் குறுகல், உயரமான படி வேறு. சக்கர நாற்காலி நுழையாது. அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்தான் குளிப்பாட்டுவேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மளமளவென்று ஊற்றுவேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். சூடு போதுமா என்று கேட்டால் போதும் என்பாள். போதாவிட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

கப்பலில் எனக்கும் அக்காவுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கான அறை கிடைத்தது, வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண அறை. ஜொகூர் பாருவில் இருந்த பயண முகவர் பிடித்துக் கொடுத்தது. ஆண்டுக் கடைசிப் பயணத்துக்கும் அதே மாதிரி அறையை அப்போதே முன்பணம் கட்டிப் பதிந்து வைத்திருந்தோம். அந்தக் குளியலறைக்குப் படியே கிடையாது. அகலமான கதவு, சுவரெல்லாம் கைப்பிடி, மடக்கி வைக்கும் இருக்கை. முதல் நாள் காலையில் நான் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“நீ உக்காருடி. நானே குளிச்சிக்கிறேன்” என்று சொல்லி அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

நான் கதவோடு கதவாக நின்றேன். விழுந்துவிடுவாளோ என்று பயம். தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. காலைப் பசியாறப் போகிற நேரம் தாண்டியும் அவள் வெளியே வரவில்லை. கடைசியில் தலை துவட்டியபடி வந்தாளே, அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. கால் போனதிலிருந்து நான் பார்க்காத முகம் அது. அந்தக் கப்பலைக் கட்டிய முகம் தெரியாத ஆட்களையெல்லாம் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் மோப்பம் பிடித்துவிட்டார். கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணத்தைப் பதிந்தால் கழிவாம். அதோடு கப்பலில் செலவழிக்க இனாமாகக் கொஞ்சம் பணமும் தருவார்களாம். முன்பே பதிந்தவர்களும் அதைப் புதிதாக மாற்றிப் பதிந்தால் அந்தச் சலுகை உண்டாம். வெள்ளிக்கிழமை காலை முன்பதிவு முகப்புக்கு முன்னால் நல்ல கூட்டம். நானும் அக்காவும் சன்னலோரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வரிசையில் நின்று நொடிக்கொரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முடித்தாக வேண்டும். எங்கள் வீட்டில் ராகு காலத்தில் புது விளக்குமாறுகூட வாங்க மாட்டார்.

அவர் முறை வந்தபோது பத்தரைக்கு இன்னும் சில நிமிடங்கள்தான். முகப்பில் இருந்த பிலிப்பினோ பெண் ஆங்கிலத்தில் நிதானமாக ஒவ்வொன்றாக விளக்கியிருக்கிறாள். பழைய பதிவை ரத்து செய்துவிட்டுத்தான் புதிதாகப் பதிய முடியும். ரத்து செய்ததும் அறை எல்லாருக்கும் பொதுவாகிவிடும். இந்த வகை அறைக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. உடனே பணம் கட்டிவிட வேண்டும். இவர் எல்லாவற்றுக்கும் “யெஸ், யெஸ், குவிக்லா” என்று தலையாட்டியிருக்கிறார். அவள் ரத்து செய்தாள். புதுப் பதிவுக்குக் கடன் அட்டையைக் கேட்டாள். இவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. அட்டையைச் சட்டைப்பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு, “ஆஃப்டர் டுவெல்வ் ஐ கம்” என்று சொல்லிவிட்டு எங்களிடம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“முடிஞ்சிச்சா?” என்று கேட்டேன்.

“பாதி முடிஞ்சிச்சி. பழசை எடுத்தாச்சி. புதுசை நல்ல நேரத்துல போடலாம்.”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் போனபோதுதான் அந்தப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். காத்திருந்த வேறு யாருக்கோ அறை போய்விட்டது. அந்த வகையில் வேறு அறை இல்லை. சாதாரண அறை வேண்டுமானால் கழிவோடு தருவதாகச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியிருந்தது. முன்பணம் முழுவதும் திரும்பி வந்துவிடும் என்றும் சொன்னாள்.

“அலமாக்! கழிவு கழிவுன்னு பறந்தீங்களே, இப்ப அக்காவோட ரூமையே கழிச்சி விட்டுட்டீங்க. ராகு வேற தனியா வரணுமா? நீங்க ஒருத்தர் போதாதா?” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் கையில் எடுத்த அட்டையை மறுபடி சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். தரையைப் பார்த்தபடி நின்றார்.

இவரைத் தம்பி என்றே கூப்பிடும் அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். “கத்தாதடி. தம்பி வேணும்னா செஞ்சிச்சி? அந்த ரூமு கிடைச்சவங்களும் என்னை மாதிரி ஒருத்தவங்கதான. அவங்களும் கதவைச் சாத்திக்கிட்டு குளிக்கட்டும்.”

சொல்லிவிட்டு அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது. அன்று மதியம் விதவிதமாகப் பரப்பி வைத்திருந்த சாப்பாட்டில் அவர் ஒரு கரண்டி சோறுதான் போட்டுக்கொண்டார்.

இறங்குகிற நாள் காலையில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் குளியலறைக்குள் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தால் இவர் இடுப்பு வாரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தார். கதவு அகலத்துக்கு வாரைப் பிடித்துப் பேனாவால் ஒரு கோடு போட்டார். கைப்பிடி உயரத்துக்கு ஒன்று, இருக்கைக்கு ஒன்று. அறையைத் துப்புரவு செய்ய வந்த பையன் ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில் தேட ஆரம்பித்தான். எனக்கு எரிச்சல் இன்னும் தீரவில்லை, அதனால் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த வாரமே கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒரு சீனக் குத்தகைக்காரர் இரண்டு ஆட்களோடு வாசலில் நின்றார். இவர் அந்த வாரை அவர் முன்னால் விரித்து வைத்து ஒவ்வொரு கோடாக விளக்கினார். திரும்பி வந்த முன்பணம் முழுவதும் அதற்குத்தான் போனது. குளியலறைப் படியை உடைத்தார்கள், வாசலை அகலப்படுத்தினார்கள், சுவரில் கைப்பிடி பதித்தார்கள். வீடெல்லாம் சிமெண்டுத் தூசி. அத்தனை காலமாக அந்தப் படியைத் தாண்டித் தாண்டி அவளைச் சுமந்தேனே தவிர, அதை உடைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் வாய்க்குப் பயந்து வாழ்கிற மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் மேல் அன்றைக்கு எனக்கு வந்த பிரியத்தை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தாங்க மாட்டார்.

சிமெண்டு காய்ந்த மறுநாள் காலை வழக்கம்போல் அவசரமாக வெந்நீர் போட்டு அக்காவைத் தேடினேன். கட்டில் காலியாக இருந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம்.

“அக்கா, சூடு போதுமா?”

“போதலை. இன்னும் கொஞ்சம் சூடா வேணும். வெந்நீரைச் சின்ன வாளியில வாசல்ல வச்சிட்டுப் போ, நான் எடுத்துக்கிறேன்” என்றாள் அக்கா.