முந்நூற்று அறுபத்தைந்து நிலையங்கள்

பலகையில் வரைந்த ஒட்டகச்சிவிங்கி ஒன்று. அதன் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டைத் தலை தொடாத பிள்ளைகள் ரயிலில் ஏறக் கூடாது. சென்னைக்கு வெளியே இருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவில், வளைந்து வளைந்து ஓடும் ரயிலின் வாசலில் அந்தப் பலகை இருந்தது. என் அக்காவின் மகள், நாங்கள் எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்ட ஐந்து வயதுக்காரி, அதில் முதுகை ஒட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் குதிகாலை மெல்லத் தூக்கி நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. வாசலில் நின்றவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே அவள் தோளை லேசாக அழுத்தினார். குதிகால் தரையைத் தொட்டது. நாலு விரற்கடை குறைந்தது. அன்றைக்கு மூன்று பலகைகளில் அளந்து பார்த்தோம். மூன்றிலும் அவள் குள்ளம்தான். பாப்பா அழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவின் மடியில் சாய்ந்தபடி, "நைனா, குள்ளமா இருக்கறவங்க ஏறுற ரயிலு எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"அத இன்னும் யாரும் கட்டலம்மா. நாம கட்டலாம்."

அக்காவின் கணவரை எங்கள் பக்கத்தில் பாவா என்போம். ஆந்திரா பக்கத்திலேயே இருப்பதால் இப்படிப் பல சொற்கள் எங்கள் வீடுகளில் குடியேறிவிட்டன. பாவாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே சிக்னல் பராமரிக்கும் வேலை. திருத்தணியில் மலையடிவாரத்தில் வீடு. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டு அவர்களுடன் தங்கியிருந்தேன். பாப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே பாவாவுக்குக் கேளிக்கைப் பூங்கா என்றால் பைத்தியம். உலகத்தின் எந்த மூலையில் எந்த ரயில் எத்தனை முறை தலைகீழாகச் சுற்றும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். வருடம் ஒருமுறை தவறாமல் பூங்காவுக்குப் போவார். ஆனால் எதிலும் ஏற மாட்டார், தலை சுற்றும். கம்பி வேலிக்கு வெளியே கழுத்தை நிமிர்த்தி நின்று, தண்டவாளத்தின் ஒவ்வொரு வளைவையும் கண்ணால் ஏறி இறங்குவார். "எறங்கி வர்றவங்க மூஞ்சியப் பாரு" என்பார் என்னிடம். "அதுக்குத்தான் இவ்ளோ இரும்பும்."

பூங்காவிலிருந்து வந்த வாரமே கட்டம் போட்ட பெரிய தாள்கள் வீட்டுக்கு வந்தன. அலுவலகத்தில் தண்டவாளப் படங்களைப் பார்த்துப் பழகியவர். தண்டவாளத்துக்கு இரட்டைக் கோடு, சிக்னலுக்குக் குட்டி வட்டம் என்று அதே ஒழுங்கில்தான் கனவையும் வரைந்தார். என்னென்ன வேண்டும் என்று சொல்வது பாப்பாவின் வேலை. மலைக்கோயிலில் முருகனின் யானை சன்னதிக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நிற்கும். அது எதைப் பார்க்கிறது என்பது பாப்பாவுக்குப் பெரிய கேள்வி. அதனால் முதல் தாளில் யானைக்கண் வந்தது. யானையின் வயிற்றுக்குள் ஏறிப் போய் அதன் கண்ணுக்குப் பின்னால் உட்கார வேண்டும். நந்தியாறு தெரியும், பஸ் நிலையம் தெரியும், பிறகு ஊரெல்லாம் கரைந்து வெள்ளை மேகத்துக்குள் ஒரு அரண்மனை தெரியும். "அது அவங்க அம்மா ஊட்ட பாத்துகினு இருக்குது" என்று முடிவு சொன்னாள் பாப்பா. அடுத்த தாளில், மார்கழிப் பனி மலையைச் சுற்றிக் கட்டும்போது அந்தப் பனியின் மேல் மிதந்து போகும் படகுகள். அதற்கடுத்து, பொதட்டூர்பேட்டையில் எங்கள் அம்மா வீட்டுத் தறியில் நெய்த லுங்கியை மலையுச்சியிலிருந்து விரித்துவிட்டது போல ஒரு சறுக்கு. பச்சைக் கட்டத்தில் சறுக்கும்போது வயல் வாசனை வரும், நீலக் கட்டத்தில் உடம்பு குளிரும். இதெல்லாம் எப்படி நடக்கும் என்று நான் கேட்டால் இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

ஒருநாள் காலையில் படியேறிக் கோயிலுக்குப் போனோம். முந்நூற்று அறுபத்தைந்து படிகளும் வருடத்தின் நாட்கள் என்று பாவா சொன்னதும், "அப்ப என் பொறந்த நாளு எந்தப் படி?" என்று கேட்டாள் பாப்பா. முதல் படி ஜனவரி ஒன்று என்று வைத்துக்கொண்டு பாவா விரல்விட்டுக் கணக்குப் பார்த்து, இருநூற்று இருபத்தொன்று என்றார். அந்தப் படி வந்ததும் அதில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். "இது என்னுது." மேலே ஏறுகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாவா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, படிக்கட்டை மேலும் கீழும் பார்த்தார். பூங்காவில் வேலிக்கு வெளியே நிற்கும்போது அவர் முகத்தில் வரும் அதே பார்வை.

அப்படித்தான் ஆண்டு ரயில் பிறந்தது. படிகளை ஒட்டி மலையேறும் தண்டவாளம். மனிதர் நடக்கும் வேகம், அதற்கு மேல் கிடையாது. ஒவ்வொரு படியும் ஒரு நிலையம், அந்தந்த நாளின் வெயிலோ மழையோ அங்கே இருக்கும். சித்திரை நிலையங்களில் ஜன்னல் வழியே மோர் கொடுப்பார்கள். ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது காவடிகளின் சத்தம் கேட்கத் தொடங்கி, மடியில் பூ விழும். பிடித்த நாளில் இறங்கிக்கொள்ளலாம். வேண்டிய மட்டும் இருந்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறலாம். உச்சிக்குப் போன ரயில் மறுபக்கமாகச் சுற்றி வந்து முதல் படியில் நிற்கும்.

ஆடி வரை வரைந்து முடித்திருந்தார்கள். அந்த ஐப்பசியில் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆறாம் நாள் காலையில் நன்றாகத்தான் இருந்தாள். அன்றைக்குக் கொட்டிய மழையில் ரயில் பாதையில் எங்கோ சிக்னல் பழுதாகி, பாவாவை அவசரமாக வரச் சொன்னார்கள். தேறிவிட்டாள் என்று நம்பிப் போனார். மதியத்துக்கு மேல் நனைந்த சட்டையுடன் அவர் வார்டுக்குள் ஓடிவந்தபோது, அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்திருந்தது.

அதன்பின் அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. இருவரும் சண்டை போடவில்லை, அழவில்லை, அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாலைந்து மாதம் கழித்துப் பாவா மறுபடியும் தாளை விரித்தார். அக்கா அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். "இல்லாத கொழந்தைக்கு வெளையாட்டு சாமான் செஞ்சிகினு இருக்காரு" என்று ஒருமுறை அடுப்படியில் என்னிடம் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. வேலையிடத்தில் சிலர் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பாவா ஆவணி, புரட்டாசி என்று ஏறிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைபடம் முடிந்தது. ஏழு தாள்களை ஒட்டிக் கூடத்தில் நீளமாக விரித்தார். காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிய அக்காவுக்கு நடக்க இடமில்லை. நின்றாள். பிறகு, துணி மூட்டையை மார்போடு அணைத்தபடி, குனிந்து, முதல் படியிலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். இருநூற்று இருபத்தொன்றில் கொஞ்ச நேரம் நின்றாள். அங்கே பாப்பா தன் கையால் கிறுக்கிய சூரியன் இருந்தது. மேலே நடந்தாள். முந்நூற்று மூன்றாம் படிக்கு வந்ததும் அசையவில்லை. அங்கே நிலையம் இல்லை. தண்டவாளம் ஒரு குகைக்குள் நுழைந்து, அடுத்த நாளில் வெளியே வந்தது. குகையைக் கறுப்பாக நிரப்பியிருந்தார்.

"இங்க ஏன் ஸ்டேஷன் இல்ல?"

பாவா தலை நிமிரவில்லை. "அங்க வண்டி நிக்காது."

"ஏன் நிக்காது?"

"அங்க யாரு எறங்குவாங்க?"

அக்கா துணிகளைக் கீழே போட்டுவிட்டுத் தாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் எறங்குவேன். அன்னிக்குக் காலையில எங்கிட்ட பேசினா. தண்ணி கேட்டா. ஒரு காக்கா ஜன்னல்ல வந்து நனைஞ்சிகினு ஒக்காந்துச்சு, அதப் பாத்து சிரிச்சா. நைனா குடை எடுத்துகினு போனாரான்னு கேட்டா. நீங்க அந்த நாள இருட்டாக்கிட்டா இதெல்லாம் எங்க போவும்?"

பாவா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனுக்குத் தெரியாதே" என்றார். "நான் வந்தப்ப ஒண்ணுமே இல்லியே. குடையக் கேட்டாளா?"

"ஆங். கேட்டா."

அப்போதுதான் அவர் அழுதார். வெகுநேரம். நான் அடுப்படி வாசலில் நின்றேன், உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. பிறகு ரப்பரை எடுத்துக் குகையை அழிக்கத் தொடங்கினார். கறுப்பு முழுதாகப் போகவில்லை, சாம்பல் நிறத்தில் தங்கியது. மழை பெய்யும் நாளுக்கு அந்த நிறம் பொருத்தமாகவே இருந்தது. அக்கா சொல்லச் சொல்ல வரைந்தார். ஜன்னல் எந்தப் பக்கம், போர்வை என்ன நிறம், காக்காய் எந்தக் கம்பியில் உட்கார்ந்தது. மாலை விளக்கு வைக்கும் வரை இருவரும் அந்த ஒரு படியிலேயே இருந்தார்கள். அந்தக் காலை நேரம் பாவாவுக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

நான் படித்து முடித்து அரக்கோணத்தில் ஆசிரியை ஆகிவிட்டேன். பாவாவுக்கு ஓய்வு நெருங்குகிறது. அந்தப் பூங்காவை யாரும் கட்டவில்லை, கட்டப்போவதும் இல்லை. ஆனால் தாள்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன, இப்போது அக்காதான் உத்தரவு போடுகிறாள். வருடம் ஒருமுறை இருவரும் சேர்ந்தே பூங்காவுக்குப் போகிறார்கள். அக்கா எல்லாவற்றிலும் ஏறிக் கத்துகிறாள், பாவா வேலிக்கு வெளியே நின்று அவள் இறங்கி வரும் முகத்தைப் பார்க்கிறார்.

போன மாதம் மாலை ரயிலில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். மேசையில் ஆண்டு ரயிலின் எஞ்சினைப் புதிதாக வரைந்துகொண்டிருந்தார் பாவா. இத்தனை வருடத்தில் கேட்காத ஒன்றை அன்றைக்குக் கேட்டேன். "பாவா, நீங்க எந்த ஸ்டேஷன்ல எறங்குவீங்க?"

"நான் எப்பிடிம்மா எறங்கறது? வண்டிய ஓட்றதே நான்தான். நடுவுல உட்டுட்டு எறங்க முடியுமா?"

அக்கா காப்பி டம்ளர்களை வைத்துவிட்டு, வரைபடத்தை எட்டிப் பார்த்தாள். "நான் ஓட்றேன்" என்றாள். "நீங்க எறங்கிப் போயி அவளப் பாத்துட்டு வாங்க."

பாவா பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, எஞ்சினில் தன் இருக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு இருக்கை வரையத் தொடங்கினார்.