ஊதிப் பார்த்து வாங்கும் மைக்

மைக் விற்கும் தொழிலில் உள்ள பெரிய கஷ்டம், வாங்க வருகிற எல்லோருக்கும் வாய் இருப்பதுதான்.

கடை வைத்தவர்களே, கடையில் நின்று கால் வீங்கியவர்களே, "சும்மா பாத்திட்டுப் போக வந்தனான்" என்பவருக்கு அரைமணி நேரம் விளக்கம் சொல்லித் தொண்டை காய்ந்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த நோவு விளங்காது.

இருபது வருடத்துக்கு மேல் லண்டனில் இருந்தேன். ஒரு சின்ன வானொலி நிலையத்தில் மற்றவர்கள் பேச, நான் பொத்தான் திருகினேன். நாற்பத்தெட்டு வயதில் திரும்பி வந்தபோது, தூரத்துச் சொந்தக்காரரான குணம் அண்ணை கொழும்பு வெள்ளவத்தையில் தன்னுடைய மின்சாமான் கடை வாசலில் ஒரு கண்ணாடி ஷோகேஸை எனக்கு ஒதுக்கித் தந்தார். உள்ளே அவருடைய ஃபேன், ரைஸ் குக்கர், ஃபிரிட்ஜ். வாசலில் என்னுடைய மைக்குகள். புதிதாகப் பொட்காஸ்ட் தொடங்குகிறவர்களுக்கு, கைக்கு அடக்கமான விலையில். திரும்பி வந்தவளுக்கு ஊரில் ஓர் இடம் வேண்டும் என்று எல்லோரும் பெரிதாகக் கதைப்பார்கள். எனக்கு அது ஒரு ஷோகேஸ் அகலத்தில் கிடைத்தது. அதுவே போதும் என்று இருந்தேன்.

அதற்குள் குணம் அண்ணை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புறக்கோட்டை மொத்தக்கடைக்குப் போய், நாலு பெரிய கண்டென்சர் மைக்குகளை எடுத்து வந்துவிட்டார். கோயில் கலசம் மாதிரிப் பளபளப்பு. கண்டென்சர் மைக்குக்குப் பாம்புக்காது. அறையில் எறும்பு தும்மினாலும் பதிவு செய்யும். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அது சரி. வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு அரை மந்தமான, மலிவான சின்ன டைனமிக் மைக்தான் சரி. கிட்டப் போய்க் கதைத்தால் மட்டும் கேட்கும், மற்றதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாது. நான் இதை வருகிற ஆட்களிடம் அப்படியே சொல்லிவிடுவேன். அவர்களும் மலிவானதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நாலு கலசமும் அப்படியே இருந்தன.

குணம் அண்ணை ஒருநாள் தீர்ப்புச் சொன்னார். "தீபாவளிக்கு முதல் இந்த நாலும் போகவேணும். போகாட்டி ஷோகேஸைக் கழட்டிப்போட்டு அதில எயார் ஃப்ரையர் அடுக்கப்போறன். கோவிக்காத பிள்ளை, எயார் ஃப்ரையர் வேண்டாம் எண்டு வாற ஆக்களுக்குப் புத்தி சொல்ல அங்க ஒருத்தரும் நிக்கமாட்டினம்."

நாலு விரல்

ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் வந்தார். இளைஞர் ஒழுக்கம் பற்றிப் பொட்காஸ்ட் செய்யப்போகிறாராம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு ஆம்பிளையள் ஆரும் நிக்கினமோ?" என்று கேட்டார். ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து குணம் அண்ணை, "நிக்கிறன் சேர், ஆனா எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார். வேறு வழியில்லாமல் அதிபர் என்னிடம் திரும்பினார். சின்ன டைனமிக் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிய கையோடு மூன்று தட்டுத் தட்டி, கன்னம் உப்ப ஒரு ஊது ஊதினார். நாங்கள் திருவிழாவில் மைக்கைக் கண்டு வளர்ந்த சனம். தட்டி ஊதாமல் அதற்கு உயிர் இருக்கிறது என்று நம்பமாட்டோம். தெறித்த எச்சிலைத் துணியால் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் மைக்கைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, "அவையோர்களே!" என்றார். இயர்ஃபோனில் கிணற்றுக்குள் விழுந்தவர் கூப்பிடுகிற மாதிரிக் கேட்டது. "சேர், வாயில இருந்து நாலு விரல் தூரத்தில பிடியுங்கோ" என்று காட்டினேன். கிட்டக் கொண்டுபோனார், பின்வாங்கினார், அக்கம்பக்கம் பார்த்தார், மறுபடி கிட்டக் கொண்டுபோனார். கடைசியில் மைக்கை என் கையிலேயே தந்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, இவ்வளவு கிட்டப் போய் நான் என்ர மனுசியோடயும் கதைச்சதில்லை."

மலிவு கேட்பது எப்படி

எங்கள் ஆட்கள் மலிவான சாமானை நேரே கேட்கமாட்டார்கள். முதலில் இருப்பதிலேயே விலை கூடியதைக் காட்டி, "இது எவ்வளவு?" என்பார்கள். விலையைச் சொன்னதும், இவ்வளவுதானா என்கிற மாதிரித் தலையை ஆட்டுவார்கள். பிறகு அதன் நிறம் பிடிக்காமல் போகும். அடுத்ததன் கால் ஆடும். இப்படியே படிப்படியாக இறங்கி, ஆகக் கீழ்த்தட்டுக்கு வந்து, "இது எனக்கில்லை, என்ர சிநேகிதர் ஒருத்தருக்கு" என்று வாங்குவார்கள். கொழும்பில் இந்தச் சிநேகிதரிடம் எத்தனை மைக் இருக்கிறதோ தெரியாது.

அதனால்தான் களனியில் இருந்து வந்த அந்தச் சிங்களப் பொடியனை என்னால் மறக்க முடியவில்லை. பேய்க்கதைப் பொட்காஸ்ட் செய்பவன். நான் துருப்பிடித்த சிங்களத்தில் மேல்தட்டிலிருந்து விளக்கத் தொடங்கினேன். அவன் கையைக் காட்டி என்னை நிறுத்தி, நல்லது வேண்டாம், மலிவைத் தாருங்கள் என்று பச்சையாகச் சொன்னான். கட்டிப்பிடித்து அழலாம் போல இருந்தது: "அக்கே, ஹொந்த ஏக்க எப்பா, லாப ஏக்க தென்ன."

பங்குச்சந்தையும் ஒரு கறியும்

கலசம் ஒன்று ஒருநாள் போனது. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில், தண்டவாளத்தை அடுத்த ஃபிளாட்டில் இருக்கிற கணினிப் பொடியன். பங்குச்சந்தை பற்றிப் பொட்காஸ்ட். "தம்பி, இது எல்லாத்தையும் கேக்கும்" என்று என் பாட்டைப் பாடினேன். "பெரிய பொட்காஸ்ட்காரர் எல்லாம் இதுதான் அக்கா வைச்சிருக்கினம்" என்று அவன் வாங்கிக்கொண்டு போனான். குணம் அண்ணை அன்று எனக்குப் பால் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

அடுத்த கிழமை பொடியன் பெட்டியோடு திரும்பி வந்தான். பதிவைப் போட்டுக் கேட்டோம். வட்டிவீதம் என்று தொடங்கும்போது பாணந்துறை ரயில். பணவீக்கத்தின்போது ரொட்டி விற்றுவருகிற சூன்பாண் ஓட்டோவின் பாட்டு. மேல்மாடியில் ஆரோ தேங்காய் துருவுகிறார்கள். நீண்டகால முதலீடு என்று அவன் குரலைத் தாழ்த்தும் இடத்தில், பூட்டிய கதவுக்கு அப்பால் குசினியில் இருந்து அவனுடைய அம்மா, மணிமணியாக: "தம்பி, சோறு ஆறுது. சூடை மீன் குழம்பு வைச்சிருக்கிறன். பேந்து அந்த மெஷினோட அலட்டலாம்." கலசத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு சின்னதைக் கொடுத்தேன். குணம் அண்ணை அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு குக்கரைத் துடைத்தார். படியிறங்கும்போது பொடியன் திரும்பிச் சொன்னான்: "இவ்வளவு பேர் கொமென்ட் போட்டிருக்கினம் அக்கா. பங்கைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை. சூடை மீனுக்குப் புளி எவ்வளவு விடுறது எண்டு அம்மாட்டைக் கேட்டுச் சொல்லட்டாம்."

அலுமாரிக்குள் ஒருவர்

மைக்கைவிட அறைதான் முக்கியம் என்பது நான் காசு வாங்காமல் சொல்லும் இன்னொரு புத்தி. எங்கள் ஃபிளாட்டுகளில் தரை டைல்ஸ், சுவர் மொட்டை, ஜன்னல் கண்ணாடி. கதைத்தால் குரல் பந்து மாதிரி அடித்துத் திரும்பும். அதற்கு மருந்து துணி. சேலை அலுமாரியைத் திறந்துவைத்து அதற்குள் முகத்தைக் கொடுத்துக் கதைத்தால், எந்த ஸ்டூடியோவும் கிட்ட நிற்காது. பட்டு இன்னும் விசேஷம்.

தெஹிவளையில் இருந்து ஒரு சேர் வந்து இதைக் கேட்டுக்கொண்டு போனார். முஸ்லிம் பாடசாலை ஒன்றில் சரித்திரம் படிப்பித்தவர். ஆக மலிவான மைக்கைத்தான் வாங்கினார். பதிவு அவ்வளவு துப்புரவாக வந்ததாம். ஒரு மாதம் கழித்து அவருடைய மனைவி கடைக்கு வந்தார். மின்சாமான் வாங்க இல்லை. அந்த யோசனையைச் சொன்ன ஆளைப் பார்க்க. நான்தான் என்று சொல்லக் கொஞ்சம் தயங்கினேன். அவர் கைப்பையை ஷோகேஸ் மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து, அந்த அலுமாரியத் தொறந்து ஒரு சாரி எடுத்துத் தாங்கன்னு கேட்டா எழும்ப மாட்டாரு. இப்ப உள்ளுக்குப் போனா வெளிய வாராரில்ல."

என்னுடைய குரல் எங்கே?

கொட்டாஞ்சேனையில் இரண்டு சகோதரிகள். மூத்தவர் தேவாலயப் பாடற்குழுவில் முன்வரிசை, இளையவர் தையல்காரி. பழைய கல்யாணக் கதைகளை வைத்துப் பொட்காஸ்ட் செய்ய என்னிடம் மைக் வாங்கியிருந்தார்கள். மைக் பழுது, உடனே வா என்று தொலைபேசி. மைக் பழுது என்ற செய்தி தீபாவளி நெருங்கும் நேரத்தில் குணம் அண்ணையின் காதுக்குப் போகக்கூடாது. பஸ் பிடித்து ஓடினேன்.

மைக்குக்கு ஒன்றும் இல்லை. மூத்தவர் தன் குரலை முதல்முதலாகக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். இது எல்லோருக்கும் வருகிற வியாதி. தன் குரலைக் கேட்கிற மனிதரின் முகம், பாஸ்போட் படத்தைப் பார்க்கிற முகம். எனக்கும் லண்டனில் அது வந்து, அன்றிலிருந்துதான் மற்றவர்களைப் பேசவிட்டுப் பொத்தான் பக்கம் ஒதுங்கினேன். அதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மூத்தவர் இன்னொரு தரம் போட்டுக் கேட்டுவிட்டு, "இந்தக் குரல வச்சிக்கிட்டா நான் இவ்வளவு காலமும் பூசையில பாடினேன்? யாரும் ஒரு வார்த்த சொல்லலியே!" என்றார். இளையவர் தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை: "சொன்னோம். நீ பாடிக்கிட்டு இருந்த, கேக்கல."

ரோட்டில் சொன்ன விலை

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. நாலு கலசமும் ஷோகேஸில். எயார் ஃப்ரையர் வைக்கிற இடத்துக்குக் குணம் அண்ணை காலையிலேயே அளவெடுத்துவிட்டார். ஆனால் நல்ல மனுசன், கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்க்க நினைத்தார். "நீ விக்கத் தெரியாமல் நிக்கிறாய் பிள்ளை. சனத்துக்குச் சத்தத்தைக் காட்டவேணும்" என்று, நடைபாதையில் ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர் ஒன்றை நிறுத்தி, கலசம் ஒன்றை ஷோகேஸ் மேல் வைத்து அதோடு இணைத்தார். "அண்ணை, அது எல்லாத்தையும் கேக்கும்" என்றேன். "கேக்கட்டும், அதுக்குத்தானே காசு" என்றார். தட்டினார், ஊதினார், தீபாவளி வாழ்த்துச் சொன்னார். காலிக்குப் போகிற அந்தப் பெருவீதியே திரும்பிப் பார்த்தது.

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. மருதானையில் கடை வைத்திருக்கிற தம்பி. ரகசியம் கதைக்க அவர் வழக்கம்போல ஃபிரிட்ஜுகளுக்குப் பின்னால் போனார். கல்யாண மண்டப மைக்கையே கண்டு பழகியவர், முன்னுக்கு நிற்கிற வாயைத்தான் மைக் கேட்கும் என்று நினைத்திருக்கிறார். நான் வாசலில் ஒரு அன்ரிக்கு சீலிங் ஃபேன் பெட்டியை இரண்டு கையாலும் தாங்கிக் காட்டிக்கொண்டு நின்றேன். பொத்தானுக்கு எட்டவில்லை. நடைபாதையில், ஆள் உயரத்தில், குணம் அண்ணையின் குரல் ஒலித்தது: "எங்கட சனத்துக்கு ரெண்டு மடங்கு சொல்லடா. அப்பத்தான் நல்ல சாமான் எண்டு நம்புவினம். சீலிங் ஃபேன் எல்லாம் பாதிக்குக் குடுத்தாலும் எங்களுக்கு நட்டமில்லை."

பஸ் ஹோல்ட்டில் நின்ற சனம் பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்குள் வந்தது. ஃபோனை மடித்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வெளியே வந்த குணம் அண்ணைக்குக் கூட்டத்தைக் கண்டதும் பூரிப்பு. மைக்கின் மகிமை என்று நினைத்தார், அது பிழையும் இல்லை. அன்ரி என் கையில் இருந்த பெட்டியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, ரோட்டில சொன்ன விலைக்கே தாங்கோ."

பிறகு

பின்னேரத்துக்குள் ஒரு ஃபேனும் மிச்சமில்லை. எல்லாம் ரோட்டில் சொன்ன விலைக்கு. திங்கட்கிழமை குணம் அண்ணை நாலு கலசத்தையும் புறக்கோட்டைக்குத் திருப்பி அனுப்பி, அதற்குப் பதிலாக எயார் ஃப்ரையர் எடுத்தார். அவற்றை அடுக்க ஃபேன் இருந்த இடம் முழுக்க வெறுமையாகக் கிடந்ததால், ஷோகேஸைக் கழற்றும் தேவை வரவில்லை. நான் அதைத் துடைத்து, சின்ன மைக்குகளை மேல்தட்டுக்கு ஏற்றினேன். குணம் அண்ணை எயார் ஃப்ரையர் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிற போக்கில் சொன்னார்: "நீ உன்ர அரைச் செவிட்டு மைக்கையே வில் பிள்ளை. காது நல்லாக் கேக்கிற ஒண்டும் இனி இந்தக் கடைக்குள்ள வேண்டாம்."

ஆக, மலிவான மைக்தான் நல்லது என்று தொண்டை வற்றச் சொல்லிவந்ததை முழுமனதோடு ஏற்றுக்கொண்ட ஒரே மனிதர், இன்றுவரை என்னிடம் ஒரு மைக்கும் வாங்கவில்லை.