தேங்காயோடு வந்த பச்சைப் பல்லி

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, வாரத்துக்கான சட்டைகளைத் தேய்த்து மாட்டினேன். திருக்கோகர்ணம் கடைத்தெருவில் கறி வாங்கித் திரும்பியபோது மனைவி சமையலறையில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

ஜன்னலோரச் சுவரில் ஒரு பல்லி. இலைப் பச்சை, முதுகில் சிவப்புப் புள்ளிகள். எங்கள் வீட்டுப் பல்லிகள் பகலில் டியூப்லைட்டுக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கும். இது வெயிலில் தலை தூக்கி எங்களைப் பார்த்தது.

"ஒங்க தம்பி கொண்டாந்த தேங்காயிலேர்ந்து வந்துருக்கு. வெசமா என்னமோ, அடிச்சுருங்க."

தம்பி அந்தமானில் வனத்துறைக்கு ஒப்பந்த ஓட்டுநர். முந்தைய நாள்தான் விடுமுறையில் வந்திருந்தான், உரிக்காத தேங்காய் மூட்டையோடு. 'புதுக்கோட்டையில கெடைக்காத தேங்காயா?' என்று மனைவி அப்போதே கேலி செய்திருந்தாள். இப்போது அவன் ஈரத் தலையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தான்.

"அண்ணி, தொடப்பத்தக் கீழ போடுங்க! இது தீவுப் பல்லி. அங்கேர்ந்து வெளிய கொண்டாந்தாலே கேஸு. எனக்கு நெரந்தர ஆர்டர் வர்ற நேரம். வெளிய தெரிஞ்சா போச்சு."

அவள் முகம் வெளிறியது. "ஸ்டேட்டஸ்ல போட்டோ வச்சுட்டேனே தம்பி."

உடனே அழித்தாள். ஆனால் பார்த்தவர்களில் தம்பியோடு வேலை பார்க்கும் இன்னொரு ஓட்டுநரும் இருந்தார். அங்கே தம்பிக்குக் காய்ச்சல் கண்டபோது விசாரிக்க அவள் வாங்கி வைத்திருந்த எண் அவருடையது. காலியாக இருந்த ஒரே நிரந்தர இடத்துக்கு அவரும் காத்திருந்தார்.

மின்விசிறியை நிறுத்தி, கதவுகளைச் சாத்தினோம். கண்ணாடி ஜாடிக்குள் தம்பி தேன் தடவி வைத்தான். இனிப்புக்காக அங்கே அவன் டீ கிளாசைக்கூட இவை நக்குமாம். வியர்வை சொட்டச் சொட்ட அசையாமல் உட்கார்ந்திருந்தோம். பிற்பகலில்தான் அது இறங்கி வந்து ஜாடிக்குள் நுழைந்தது. வால் நசுங்கிவிடாமல் மெல்ல மூடினேன்.

மாலையில் அந்த ஓட்டுநர் தம்பியைப் போனில் அழைத்தார். "என்னப்பா, பல்லியெல்லாம் ஊருக்குக் கூட்டிட்டுப் போறியாம்ல?" சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அதன்பின் தம்பி சோற்றைத் தொடவில்லை.

"அவரு சொல்றதுக்கு முந்தி நீயே சொல்லிரு," என்றேன்.

"சொன்னா ஆர்டர் போயிரும்ண்ணே."

"மறைச்சு மாட்டுனா, தேங்காயோட தெரியாம வந்துச்சுன்னு யாருடா நம்புவா?"

அவன் ஜாடி மூடியில் ஆணியால் இன்னும் சில துளைகள் போட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் நான் மோட்டார் போடப் போகவில்லை. தம்பி எனக்கு முன்பே எழுந்திருந்தான். பல்லிக்குப் புதிதாக ஒரு சொட்டுத் தேன் வைத்தான். பிறகு தன் அதிகாரியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தான்.