மாறிப்போன மூன்றாம் பாகம்

ரசாக் பாய்க்கு உட்கார வராது. துடியலூரில் நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்பவர். பசை காயும் நேரத்தில்கூடக் கடைக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார். பழைய பேப்பர் கடைகளில் அவர் தேடுவது அட்டை போன விண்வெளிக் கதை, மாயக் கதை, பேய்க் கதை மட்டும்தான். பிளஸ் டூ முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை 1994இல் அவருடைய கதை வாசிக்கும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.

பாயோடு சேர்த்துக் கூட்டத்தில் நான்கு பேர், புத்தகம் ஒன்று. அதனால் பாய் அதை நான்காகப் பிரிப்பார். எலி கடித்த ஓரங்களை வெட்டும்போது பக்க எண்ணும் போய்விடும். பழுப்பு அட்டை ஒட்டி, மேலே பாக எண்ணை மட்டும் எழுதுவார். ஆளுக்கொரு பாகம். ஞாயிறு மதியம் அவரவர் பாகத்தை வரிசையாகச் சொல்லி விவாதிப்போம். முழுக்கதை முன்பே யாருக்கும் தெரியக் கூடாது, பாய்க்கும்தான்.

கூடும் இடம் பாலுசாமியின் மோட்டார் பம்ப் கடை மாடி. ஒருநாள் அவர் சொன்னார்: "பாய், ஸ்பேர் வெக்க எடம் பத்தலீங்க. இந்த வாரம் நானும் வந்து கேக்கறேன். வெட்டிப் பேச்சா இருந்தா ரூமைக் காலி பண்ணிக் குடுத்துருங்க."

எங்களுக்கு வேறு இடம் கிடையாது. அந்த ஞாயிறு, செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் விண்கப்பலின் கதை. முதல் பாகத்தைத் திக்கித் திக்கி நான் சொன்னேன். கப்பல் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டுவதோடு இரண்டாம் பாகத்தை டீச்சர் ஃபர்சானா முடித்தார். மில்லில் வேலை பார்க்கும் மோகனப்பிரியா மூன்றாம் பாகத்தைத் தொடங்கினாள்.

"கெணத்துல உழுந்து செத்த புருசன் வந்து நிக்கறானுங்க. 'அம்மணி, கதவத் தொற'ங்கறான்."

"கப்பல்ல ஏது கெணறு?" என்றேன்.

"நம்மூருக்காரன் எங்க போனாலும் மொதல்ல கெணறுதான் வெட்டுவான்" என்றார் பாலுசாமி.

"தனியாக் கெடந்து கேப்டனுக்குப் புத்தி பேதலிச்சிருக்கும்" என்றார் ஃபர்சானா. ஒரு மணி நேரம் சண்டை. பாலுசாமி நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். நடந்துகொண்டிருந்த ரசாக் பாய், மோகனப்பிரியாவின் பாகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

அவர் பேசாமல் இருந்திருந்தால் மாடி எங்களுக்கே கிடைத்திருக்கும்.

"தப்பு என்னுதுங்க. ஒரே வாரத்துல ரெண்டு பொஸ்தகம் பிரிச்சேன். மூணாம் பாகம் மாறிப்போச்சு. இது வேற கதைங்க."

"அப்ப இல்லாத கதைக்கா இத்தன நேரம் மல்லுக்கட்டுனோம்?" என்றார் பாலுசாமி.

"ஆமாங்ணா."

மாடி போய்விட்டது என்றே நினைத்தேன். பாலுசாமி எழுந்து ஜீப் சாவியை எடுத்தார்.

"அந்தப் பொம்பள கதவத் தொறந்தாளா இல்லீங்களா? மீதி எங்கீங்க?"

"சென்னிமலைலீங்க. அங்கயும் நம்மளாட்ட ஒரு கூட்டமுங்க, தறி ஓட்டற செங்கோடனோடது. அதுக்குக் குடுத்தனுப்பிச்சுட்டேன்."

"ஏறுங்க வண்டில."

பாய் என்னையும் இழுத்துக்கொண்டு ஏறினார். அவிநாசி தாண்டியும் அவர் முதுகு சீட்டில் படவில்லை.

"அங்க இந்நேரம் பேய்க் கதைக்குள்ள கப்பல் எறங்கியிருக்குமுங்க. என்ன சண்டையோ!"

"போடட்டும் உடுங்க" என்றார் பாலுசாமி. "ஸ்பேரு படிக்கட்டுக்கடியில கெடக்கட்டும். இனிமே அஞ்சாப் பிரிங்க, எனக்கும் ஒரு பாகம். அட்டைல கதைப் பேரையும் எழுதிப்போடுங்க, சாமி."