கம்ப்யூட்டரில் இல்லாத நோய்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, பள்ளி அசெம்பிளியில் என் மகள் வலிப்பு வந்து விழுந்தாள். பதின்மூன்று வயது. இப்போதும் குளியலறையில் வாளி உருண்டால், விழுந்துவிட்டாளோ என்று எழுந்து நின்றுவிடுவேன்.

டாக்டர் நோயின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். வெளியே காத்திருந்த மகளிடம் வெயில் மயக்கம் என்றேன். எங்கள் வீடுகளில் அப்படித்தான். பெண் பிள்ளைக்கு வலிப்பு என்ற பேச்சு கோயில் வரை போனால், மாப்பிள்ளை வீட்டார் வரையும் போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை மகளோடு எங்கள் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுன் நூலகத்துக்குப் போனேன். புத்தகம் தேடும் கார்டு இழுப்பறைகளுக்குப் பக்கத்தில் அதே வேலைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். எனக்கு அது வசதி. யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண்ணை வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பார்ப்பேன்.

மகளைக் கதைப் புத்தகங்கள் பக்கம் அனுப்பிவிட்டு நோயின் பெயரைத் தட்டினேன். எதுவும் இல்லை என்றது. மறுபடியும் தட்டினேன். இல்லை. எழுத்துப்பிழை என்று தோன்றவே இல்லை. நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். யாரும் புத்தகம்கூட எழுதாத நோய் என் மகளுக்கு வந்திருக்கிறது என்று முடிவே செய்துவிட்டேன்.

கவுண்டர் பெண் வந்தாள். திரையில் தட்டியிருந்த பெயரைக் கைப்பையால் மறைத்தேன்.

“என்ன தேடறீங்க அக்கா?”

“சமையல் புத்தகம்.”

“அதுவா இல்லைங்குது? ஸ்பெல்லிங் பாருங்க. ஒரு எழுத்து பிசகினாலும் இல்லைன்னு சொல்லிடும் லா. கார்டு டிராயர்னா தப்பாத் தேடினாலும் பக்கத்துக் கார்டு கண்ணுல படும். இதுக்கு அந்த அக்கம்பக்கமெல்லாம் தெரியாது.”

அதற்குள் மகள் வந்துவிட்டாள். பையை நகர்த்தினாள், ஓர் எழுத்தை அழித்தாள், தட்டினாள். திரை நிறையப் புத்தகங்கள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் விழுந்ததுக்கப்புறம் சயன்ஸ் டீச்சர் மலாய்லயும் இங்கிலீஷ்லயும் போர்டுல எழுதிக் காட்டினாங்கம்மா. கிளாஸுக்கே தெரியும்.”

கவுண்டர் பெண் திரையைப் பார்த்தாள். “சமையல் மாடியில இருக்கு. இது இந்தப் பக்கம்,” என்று முன்னால் நடந்தாள்.

வீட்டுக்குப் போகும் பாயான் பாரு பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் புத்தகத்தைப் பிரித்துவிட்டாள். அட்டையில் நோயின் பெயர் பெரிதாக இருந்தது.

“உள்ளே வை. ஆளுங்க பார்க்கறாங்க.”

“வெக்கமா இருந்தா அடுத்த பஸ்ல வாங்க லா.”

அதே பஸ்ஸில்தான் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் எட்டிப் படித்தேன். பக்கத்தைத் திருப்பும் முன், “முடிச்சிட்டீங்களா?” என்றாள்.

இன்னும் இல்லை என்றேன்.