டக்கோட்டாவுக்கு ஒரு தமிழ்ப் பலகை

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் துண்டுத்தாள், வங்கி விளம்பரம், குடிநீர் வெட்டு அறிவித்தல் என்று எது வந்தாலும் தமிழாக்கிக் கொடுப்பேன். போன வருடம் ஒரு விமானத்தின் வரலாறு வந்தது. இரத்மலானை விமான நிலையத்தில் ஒரு கொட்டகையில் பழைய டக்கோட்டா விமானம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் நிறுத்தும் பலகைக்கு மூன்று மொழியிலும் எழுத வேண்டுமாம். வழக்கம்போல ஆங்கிலமும் சிங்களமும் முடிந்து, கடைசியாகத் தமிழ்.

ஒரே ஒரு பக்கம். ஆனால் அதற்குள் எவ்வளவு! போர்க்காலத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்டு, சிப்பாய்களைச் சுமந்து, போர் முடிந்ததும் உள்ளே இருக்கைகள் பூட்டப்பட்டுப் பயணிகள் விமானமாகி, யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் தென்னிந்தியாவுக்கும் பறந்து, பிறகு சாமான் ஏற்றி, கடைசியில் விமானப்படைக்குப் போய் ஓய்வு பெற்றிருந்தது. அது சலிக்காமல் உழைத்தது என்பதை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'வேர்க் ஹோர்ஸ்' என்று எழுதியிருந்தார்கள். 'வேலைக் குதிரை' என்று போட்டு, வாசித்துப் பார்த்து, எனக்கே சிரிப்பு வந்து வெட்டிவிட்டேன். கண்ணால் பார்க்காமல் இதை எழுத முடியாது.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் சிநேகிதிக்குப் போன் எடுத்தேன். துறைமுகத்தருகே ஒரு கப்பல் ஏஜென்சியில் அவளுக்கு வேலை. எஞ்சின் என்றால் உயிர்.

"பழைய பிளேன் ஒண்டு பாக்கப் போறன். வாறியா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? எங்க நிக்கணும், அதச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்துவிட்டாள். காலி வீதியில் பஸ் பிடித்துப் போனோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விமானம் கொட்டகைக்குள் இல்லை. டிராக்டரால் இழுத்து வெளியே நிறுத்தியிருந்தார்கள். மூக்கை வானத்துக்குத் தூக்கி, வாலைத் தரையில் போட்டுக்கொண்டு நின்றது. திருத்தும் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற விமானப்படை எஞ்சினியர், சிங்களவர். நான் யார் என்று சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு.

"நங்கி, நல்ல நாள் பார்த்து வந்திருக்கிறீர்கள். இன்றைக்கு இடப்பக்க எஞ்சினை ஸ்டார்ட் பண்ணப் போகிறோம்" என்று தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னார்.

சிநேகிதி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

முதலில் இரண்டு பேர் விசிறி இதழ்களைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள். அடிச் சிலிண்டர்களில் தேங்கிய எண்ணெய் வெளியேற வேண்டுமாம். ஒருவர் தீயணைப்புச் சிலிண்டரோடு பக்கத்தில் வந்து நின்றார். எஞ்சினியர் உள்ளே ஏறி, விமானி இருக்கையின் ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினார். எல்லோரும் விலகினோம்.

விசிறி முனகிக்கொண்டு சுற்றியது. ஒரு இருமல். நின்றுவிட்டது.

மறுபடியும். இந்தமுறை வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. எஞ்சின் எடுக்கவில்லை.

"எடுக்கும் பார், எடுக்கும்" என்று சிநேகிதி தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை ஒரு வெடி, இன்னொரு வெடி, பிறகு வெடிகள் ஒன்றையொன்று துரத்திப் பிடித்து ஒரே முழக்கமாயின. இதழ்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றி எறிந்தார்கள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. கையிலிருந்த ஆங்கிலத் தாளும் நான் எழுதி எழுதி வெட்டிய தமிழ்த் தாள்களும் காற்றில் பறந்து புல்வெளி முழுக்க ஓட, நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்து அவற்றைத் துரத்தினோம்.

எஞ்சின் அடங்கியபின் புல்லில் உட்கார்ந்து தாள்களை அடுக்கினேன். கடைசி வரியில் கண் நின்றது: 'ஓய்வு பெற்ற நாள்முதல் இதன் எஞ்சின்கள் இயங்கவில்லை.'

"ஐயோ, இது இப்ப பொய்யடி" என்றேன்.

"பிறகென்ன, வெட்டு. புதுசா எழுது. இப்பவே எழுது."

எழுதினேன்: 'நெடுங்காலம் மௌனமாக நின்ற இந்த விமானத்தின் இடப்பக்க எஞ்சின், அதைத் திருத்தியவர்களின் கண்முன்னே மீண்டும் முழங்கியது.'

எஞ்சினியர் கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தார். "தமிழில் என்ன எழுதினீர்கள்?"

சிங்களத்தில் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு போனை எடுத்து நான் சொல்லச் சொல்லத் தட்டினார். "இதுதான் சரி. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இப்படியே மாற்றச் சொல்கிறேன்."

எத்தனையோ வருடமாக இந்த வேலை செய்கிறேன். தமிழில் முதலில் எழுதி, மற்ற இரண்டும் அதன் பின்னால் வந்தது அன்றைக்குத்தான்.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் காது இரண்டும் அடைத்திருந்தது. "வலப்பக்கத்த எப்ப ஸ்டார்ட் பண்ணுவாங்களாம்?" என்று சிநேகிதி கத்தினாள். "கேக்கேல்ல, என்ன?" என்று நானும் கத்தினேன். பஸ்ஸில் இருந்த எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.